போட்டோ எங்கே இருக்கிறது?

எங்கள் தொழிலில் போட்டோ எடுக்க ஆள் கிடைக்கும், ஆல்பம் டிசைன் செய்யவும் ஆள் கிடைக்கும். எட்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த கல்யாணத்திலிருந்து ஒரு படத்தை, அன்று செய்த கலர் கரெக்‌ஷன் மாறாமல், பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். மதுரையில் ஒரு கல்யாண ஸ்டுடியோவின் எடிட்டிங் அறையில் பல வருடங்களாக நான் பார்த்துவருவது அந்த வேலையைத்தான். கேமராவைத் தொட்ட நாட்களைவிட ஹார்ட் டிஸ்கைத் தொட்ட நாட்களே எனக்கு அதிகம்.

பழைய படம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் துக்க வீட்டிலிருந்து வருகிறார்கள். "அப்பா தவறிட்டாங்க. எங்க கல்யாணத்துல அவங்க தனியா நின்ன மாதிரி ஒரு போட்டோ இருக்கும், மாலை போடுறதுக்கு வேணும்" என்பார்கள். அந்தப் படம் ஆல்பத்தில் இருக்காது. 4,000 படம் எடுத்த கல்யாணத்தில் ஆல்பத்துக்குப் போவது சில நூறுதான். பந்தியில் நின்றுகொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, யாரையோ பார்த்துச் சிரிக்கிற அப்பா மீதிப் படங்களுக்குள் இருப்பார். அந்த மீதியைப் பத்திரமாக வைத்திருக்கிறோமா என்பதில்தான் ஸ்டுடியோவின் மதிப்பு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்கள் இதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தன. நெகட்டிவை நறுக்கி கவரில் போட்டு, கவர் மேல் நம்பர் எழுதி, அதே நம்பரை பில்லிலும் ரிஜிஸ்டரிலும் எழுதுவார்கள். கஸ்டமர் பில்லைக் கொண்டுவந்தால் எந்த அலமாரி, எந்தப் பெட்டி என்று ரிஜிஸ்டர் சொல்லிவிடும். டிஜிட்டல் வந்ததும் அந்த ரிஜிஸ்டரைப் பல கடைகள் கைவிட்டன. முதலில் டிவிடியில் எழுதி அடுக்கினோம். ஒரு டிவிடியில் 4.7 ஜிபிதான் கொள்ளும். பிறகு ஹார்ட் டிஸ்க் வந்தது. மேஜை டிராயருக்குள் பெயர் எழுதாத டிஸ்குகள் சேர ஆரம்பித்தன. எந்தக் கல்யாணம் எதில் இருக்கிறது என்பது ஒரே ஒரு பையனின் ஞாபகத்தில் இருந்தது. அவன் வேறு கடைக்குப் போனபோது அந்த ஞாபகமும் கூடவே போனது.

அடோபி லைட்ரூமின் முதல் பதிப்பு 2007 பிப்ரவரியில் வெளிவந்தது. இன்று நாங்கள் கம்ப்யூட்டரில் வைத்து வேலை செய்யும் வடிவத்துக்கு 2017 அக்டோபரில் லைட்ரூம் கிளாசிக் என்று பெயர் மாறியது. அந்த மென்பொருளின் கேட்லாக்தான் பழைய ரிஜிஸ்டரை எங்களுக்குத் திரும்பக் கொடுத்தது. ஆனால் அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. புதிதாக வேலைக்குச் சேர்கிற தம்பிகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். கேட்லாக் ஒரு மொய் நோட்டு. மொய் நோட்டுக்குள் பணம் இருக்காது. யார், எந்த ஊர், எவ்வளவு என்ற விவரம் மட்டும் இருக்கும், பணம் வேறு பெட்டியில் இருக்கும். அதேபோல் கேட்லாக்குக்குள் போட்டோ இருக்காது. எந்த டிஸ்க், எந்த போல்டர், என்ன ஃபைல் பெயர் என்ற முகவரியும், அந்தப் படத்துக்கு எவ்வளவு எக்ஸ்போஷர் கூட்டினோம், எங்கே கிராப் செய்தோம், எத்தனை ஸ்டார் கொடுத்தோம் என்ற குறிப்புகளும்தான் இருக்கும். கேமரா கொடுத்த ரா ஃபைலை லைட்ரூம் திருத்துவதே இல்லை.

இது புரிந்துவிட்டால் எதை எங்கே வைப்பது என்பதும் தெளிவாகிவிடும். லைட்ரூம் வேலையில் நான்கு வகைப் பொருள் இருக்கிறது. முதலாவது கேட்லாக் ஃபைல். உள்ளுக்குள் அது ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸ். லட்சக்கணக்கான படங்கள் சேர்ந்த பிறகும் சில ஜிபி அளவில்தான் நிற்கும். இரண்டாவது, கேட்லாக்குக்குப் பக்கத்திலேயே உட்காரும் பிரிவியூ போல்டர். திரையில் நாம் பார்க்கும் படங்கள் இங்கிருந்து வருகின்றன. ஒன்றுக்கு ஒன்று அளவில் பிரிவியூ போட ஆரம்பித்தால் இது நூறு ஜிபியைத் தாண்டும். மூன்றாவது கேமரா ரா கேஷ். டெவலப் பகுதியில் படம் சீக்கிரம் திறப்பதற்கான தற்காலிகக் கிடங்கு அது. நான்காவதுதான் அசல் படங்கள்.

முதல் மூன்றையும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எஸ்எஸ்டியில் வைக்க வேண்டும். ஸ்லைடரை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கேட்லாக்கில் எழுத்து வேலை நடக்கிறது. கிரிட்டில் வேகமாக உருட்டும்போது பிரிவியூ போல்டரிலிருந்து நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் படிக்கப்படுகின்றன. அந்த வேலைக்குச் சுழல்கிற ஹார்ட் டிஸ்க் ஆகாது. கேஷின் அளவு லைட்ரூமில் வழக்கமாக 5 ஜிபிதான் குறித்திருக்கும். கல்யாண வேலைக்கு அது போதாது. பிரிஃபரன்ஸில் போய் 30 அல்லது 40 ஜிபியாக ஏற்றிவைப்பது என் வழக்கம். அசல் படங்கள் பெரிய ஹார்ட் டிஸ்கில் இருந்தால் போதும். "எஸ்எஸ்டி விலை கட்டுப்படி ஆகாது" என்று தயங்குகிற முதலாளிகளிடம் நான் சொல்வது இதுதான்: எல்லாப் படத்தையும் எஸ்எஸ்டியில் வைக்கத் தேவையில்லை, கேட்லாக்குக்கும் கேஷுக்கும் ஒரு டிபி எஸ்எஸ்டி வாங்குங்கள், எடிட்டிங் வேகம் மாறிவிடும்.

அசல் படங்களின் கணக்கு வேறு மாதிரி. 24 மெகாபிக்சல் கேமராவின் ரா ஃபைல் சராசரியாக 28 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நிச்சயதார்த்தம், நலுங்கு, வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் என்று இரண்டு கேமராக்காரர்கள் எடுத்தால் 4,000 படம் இன்று சாதாரணம். அதுவே 112 ஜிபி. டிவிடி காலமாக இருந்தால் 24 தட்டு வேண்டும். இப்படி 20 கல்யாணம் முடிந்தால் 2 டிபியைத் தாண்டிவிடும். வீடியோ இதில் சேரவில்லை. ஒரே டிஸ்கில் நெடுநாள் வண்டி ஓட்ட முடியாது. படங்கள் டிஸ்க் விட்டு டிஸ்க் நகர்ந்துகொண்டே இருக்கும். நகரும் ஒவ்வொரு முறையும் கேட்லாக்கில் எழுதியிருக்கிற முகவரி பொய்யாகிப் போகிற ஆபத்து உண்டு.

அந்த ஆபத்து எப்படி இருக்கும் என்பதற்குப் பக்கத்து ஊர் ஸ்டுடியோ ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சீசன் நடுவில் அந்த முதலாளி போன் செய்தார்.

"தம்பி, லைட்ரூமைத் திறந்தா எல்லா போல்டர்லயும் கேள்விக்குறி நிக்குது. படத்து மேல ஆச்சரியக்குறி வருது. டிஸ்க் போச்சா?"

"அண்ணே, டிஸ்கை கம்ப்யூட்டர்ல தனியாத் திறந்து பாருங்க. படம் தெரியுதா?"

"தெரியுது. எல்லாம் இருக்கு. பையன் திரும்ப இம்போர்ட் போட்டுக்கலாம்ங்கிறான்."

"வேண்டாம்ணே. எதையும் தொடாதீங்க, நான் வர்றேன்."

போய்ப் பார்த்தபோது விஷயம் சின்னது. விண்டோஸ் வெளி டிஸ்குகளுக்கு எஃப், ஜி, எச் என்று எழுத்துக் கொடுக்கும். அன்று காலையில் யாரோ ஒரு பென் டிரைவைச் செருகியிருந்தார்கள். ஜி என்ற எழுத்து அதற்குப் போய்விட்டது. பிறகு செருகிய போட்டோ டிஸ்க் எச் ஆகிவிட்டது. லைட்ரூம் ஜியில் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் சொன்னபடி மறுபடி இம்போர்ட் செய்திருந்தால், எச்சில் இருக்கும் படங்களை லைட்ரூம் புதிய படங்களாகப் பதிவு செய்திருக்கக்கூடும். பழைய எடிட்டும் ஸ்டாரும் கேள்விக்குறி போல்டர்களிலேயே தங்கியிருக்கும். கஸ்டமர் உட்கார்ந்து செலக்‌ஷன் செய்த அத்தனை உழைப்பும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிரிப்பதற்கே பல நாள் ஆகும். இந்த நிலையில் இம்போர்ட்டை மட்டும் தொடவே கூடாது.

செய்ய வேண்டியது எளிது. பென் டிரைவைக் கழற்றிவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போட்டோ டிஸ்குக்குப் பழைய எழுத்தையே கொடுத்தோம். லைட்ரூமைத் திறந்ததும் கேள்விக்குறிகள் மறைந்தன. எழுத்தை மாற்ற முடியாத நிலை என்றால், கேள்விக்குறி போட்ட போல்டரின் மேல் வலது பக்கம் கிளிக் செய்து, 'ஃபைண்ட் மிஸ்ஸிங் போல்டர்' என்பதைத் தேர்ந்து, புதிய இடத்தைக் காட்டினால் போதும். முகவரி திருத்தப்படும், எடிட் அப்படியே இருக்கும். அன்றே அந்த டிஸ்குக்கு எக்ஸ் என்ற எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆங்கில எழுத்து வரிசையின் கடைசியில் இருக்கிற எழுத்து என்றால் வழியில் போகிற பென் டிரைவ் அதைப் பிடிக்காது. மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த எழுத்துத் தொல்லை இல்லை, டிஸ்கின் பெயரை மட்டும் மாற்றாமல் இருந்தால் சரி.

ஒரு கிளிக்கில் எல்லாம் திரும்ப வேண்டுமென்றால் போல்டர் அமைப்பு அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எங்கள் டிஸ்குகளில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு தாய் போல்டர் இருக்கும். அதற்குள் வருடம், வருடத்துக்குள் விசேஷம். விசேஷ போல்டரின் பெயர் வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கி, பில் நம்பரோடு முடியும். தேதியை முன்னால் போட்டு எழுதினால் 01 தை, 01 ஆவணி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். வருடம் முன்னால் வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கும். மணமக்கள் பெயரை மட்டும் நம்பிப் போல்டர் போடுகிற பழக்கத்தை நான் ஏற்பதில்லை. கார்த்திக் – பிரியா என்ற ஜோடி எங்கள் ஊரில் ஒன்றா இரண்டா? பில் நம்பர் மாறாது. அதையே கேட்லாக்கில் கீவேர்டாகவும் போட்டுவிடுவேன்.

தாய் போல்டரை லைட்ரூமின் பட்டியலில் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வது முக்கியம். மேலே இருக்கும் போல்டர் தெரியவில்லை என்றால் வலது கிளிக்கில் 'ஷோ பேரன்ட் போல்டர்' இருக்கிறது. பிறகு டிஸ்க் மாறினாலும் அந்த ஒரு போல்டருக்குப் புது இடம் காட்டினால், உள்ளே இருக்கும் லட்சம் படமும் சேர்ந்து திரும்பும். அப்படி இல்லாமல் டெஸ்க்டாப்பில் கொஞ்சம், டவுன்லோடில் கொஞ்சம் என்று சிதறி வைத்தவர்கள் ஒவ்வொரு போல்டராகத் தேடி உட்கார வேண்டிவரும்.

அந்தப் பட்டியலிலேயே ஒவ்வொரு டிஸ்கின் பெயருக்குப் பக்கத்திலும் சின்ன விளக்கு ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. 10 ஜிபிக்கு மேல் காலி இடம் இருந்தால் பச்சை. அதற்குக் கீழே மஞ்சள், 5 ஜிபிக்குக் கீழே ஆரஞ்சு, 1 ஜிபிக்குக் கீழே சிவப்பு. டிஸ்க் இணைப்பில் இல்லை என்றால் சாம்பல் நிறம். கல்யாண வேலைக்கு பச்சையே போதாது. ஒரு விசேஷத்துக்கு நூறு ஜிபி வேண்டும் என்கிறபோது 10 ஜிபி காலி என்பது ஒன்றுமில்லை. கார்டை காப்பி போடுவதற்கு முன்பு விளக்கின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லி எங்கள் பையன்களைப் பழக்கியிருக்கிறேன்.

பழைய படங்களை இடம் மாற்றும் வேலையை ஆடியிலும் மார்கழியிலும் வைத்துக்கொள்வோம். முகூர்த்தம் இல்லாத மாதங்கள், கையில் நேரம் இருக்கும். லைட்ரூமுக்குள்ளேயே போல்டரை இழுத்து வேறு டிஸ்கில் போடலாம், முகவரியும் தானாக மாறும். பத்து இருபது படத்துக்கு அதுவே நல்ல வழி. ஒரு வருடத்துப் படத்தை, அதாவது டிபி கணக்கில் நகர்த்த நான் அதை நம்புவதில்லை. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த நாட்களில் வேலை கற்றவன் நான். நகர்த்தும்போது கரண்ட் போனால் பாதிப் படம் இங்கே, பாதி அங்கே என்று நிற்கும். அதனால் லைட்ரூமை மூடிவிட்டு, வெளியே இருந்து முழு போல்டரையும் புது டிஸ்குக்கு காப்பி செய்வேன். பழையது அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த பைட் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு லைட்ரூமைத் திறந்து 'அப்டேட் போல்டர் லொகேஷன்' கொடுத்துப் புது இடத்தைக் காட்டுவேன். ஒவ்வொரு விசேஷத்திலும் முதல், நடு, கடைசிப் படங்களை முழு அளவில் திறந்து பார்த்த பிறகுதான் பழையதை அழிப்பது. காப்பி செய்து சரிபார்த்த பிறகே அழிப்பு என்ற இந்த வரிசையை எவ்வளவு அவசரத்திலும் மாற்றக் கூடாது.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும். மூன்று எடிட்டர்கள் இருக்கிற கடையில் கேட்லாக்கை நாஸ் பெட்டியில் வைத்து எல்லோரும் திறக்க முடியாதா? முடியாது. நெட்வொர்க் டிஸ்கில் இருக்கும் கேட்லாக்கை லைட்ரூம் கிளாசிக் திறக்காது. ஒரே சமயத்தில் இருவர் எழுதினால் டேட்டாபேஸ் கெட்டுப்போகும் என்பதால் வைத்த தடை அது. அசல் படங்கள் நாஸில் இருக்கலாம். கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்குச் சுமார் 110 எம்பி வேகம் கிடைக்கும், படங்களைத் திறக்க அது போதும். எடிட்டிங்கைப் பிரித்துக்கொடுக்க நாங்கள் செய்வது வேறு. ஒரு கல்யாணத்தை மட்டும் தனி கேட்லாக்காக, ஸ்மார்ட் பிரிவியூவோடு எக்ஸ்போர்ட் செய்து எடிட்டரிடம் கொடுப்போம். ஸ்மார்ட் பிரிவியூ என்பது நீண்ட பக்கம் 2,540 பிக்சல் கொண்ட சுருக்கிய ரா. அடோபி தரும் கணக்கில் 500 ரா படம் 14 ஜிபி என்றால் அவற்றின் ஸ்மார்ட் பிரிவியூ 400 எம்பி. அப்படியானால் 112 ஜிபி கல்யாணம் 3.2 ஜிபியாகக் கையில் வந்துவிடுகிறது. எடிட்டர் அதை லேப்டாப்பில் வைத்து வீட்டிலிருந்தே வேலை செய்வார். அசல் டிஸ்க் கடையை விட்டு நகராது. வேலை முடிந்ததும் 'இம்போர்ட் ஃப்ரம் அனதர் கேட்லாக்' மூலம் எடிட் மட்டும் பெரிய கேட்லாக்குக்குத் திரும்பும்.

அந்தப் பெரிய கேட்லாக் ஒன்றே ஒன்றாக இருப்பதை நான் விரும்புகிறேன். கல்யாணத்துக்கு ஒரு கேட்லாக் போடுகிறவர்கள் நிறைய உண்டு, அன்றைய வேலைக்கு அதில் குறையில்லை. ஆனால் எங்கள் கடைக்கு வருவது தனி மனிதர்கள் இல்லை, குடும்பங்கள். கல்யாணம் எடுத்த வீட்டிலேயே வளைகாப்பு, காதுகுத்து, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் என்று தொடர்ந்து வரும். ஒரு பில் நம்பரைத் தட்டினால் அந்த வீட்டின் எல்லா விசேஷமும் ஒரே திரையில் வந்து நிற்க வேண்டும். கேட்லாக் சிதறிக் கிடந்தால் அது நடக்காது.

கடைசியாக பேக்கப். லைட்ரூம் மூடும்போது "பேக்கப் எடுக்கவா?" என்று கேட்கும். அதற்குச் சரி சொன்னதால் போட்டோ பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிற ஸ்டுடியோக்காரர்களை நான் வருடா வருடம் சந்திக்கிறேன். அந்த பேக்கப்பில் கேட்லாக் மட்டும்தான் போகும். ஒரு போட்டோகூடப் போகாது. அதுவும் வழக்கமாகக் கேட்லாக் இருக்கிற அதே டிஸ்கில், அதற்குப் பக்கத்திலேயே உட்காரும். அந்த டிஸ்க் போனால் இரண்டும் போகும். கேட்கிற அந்தப் பெட்டியிலேயே வேறு டிஸ்கைக் காட்ட இடம் இருக்கிறது, காட்டிவிடுங்கள். எடிட்டை எக்ஸ்எம்பி ஃபைலாக ராவுக்குப் பக்கத்தில் எழுதும் வசதியையும் போட்டுவைக்கலாம். கேட்லாக் முற்றிலும் போனாலும் கலர் வேலை மிஞ்சும். கலெக்‌ஷனும் வர்ச்சுவல் காப்பியும் அதில் சேராது, ஆகவே கேட்லாக் பேக்கப்புக்கு அது மாற்றாகாது.

அசல் படத்துக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு விதி உண்டு. அமெரிக்கப் போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் தன் 'தி டேம் புக்' மூலம் பரப்பியது அது. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளக் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்த பிறகு, வேறு இடத்தில் ஒரு பிரதி என்பதற்கு நான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரெய்டு பெட்டி வாங்கிவிட்டோம் என்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: ரெய்டு ஒரு டிஸ்க் கெட்டால் வேலை நிற்காமல் காக்கும். ஒருவர் தவறுதலாக போல்டரை அழித்தால் கண்ணாடிப் பிரதியிலும் அதே நொடியில் அழிந்துவிடும். அலமாரியில் வைத்திருக்கும் டிஸ்குகளை ஆடியில் ஒவ்வொன்றாக இணைத்து ஓட்டிப் பார்ப்பதும் எங்கள் வேலைகளில் ஒன்று. மின்சாரம் இல்லாமல் நெடுநாள் அலமாரியில் வைக்க எஸ்எஸ்டி ஏற்றதில்லை, அதற்கு ஹார்ட் டிஸ்கே மேல்.

ஹார்ட் டிஸ்க் செலவை முதலாளிகள் கணக்குப் பார்ப்பது நியாயம்தான். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி விலை ஏறியபோது நாங்களும் பிரதிகளைக் குறைக்கலாமா என்று யோசித்தோம். குறைக்கவில்லை. அதற்குப் பதில் கல்யாண ரேட்டிலேயே இரண்டு பிரதிகளின் செலவைச் சேர்த்துவிட்டோம். வருகிறவர்களிடம் காரணத்தைச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

ஸ்டுடியோ நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் கடையில் படங்களின் இருப்பிடத்துக்குப் பொறுப்பாக ஒருவரை நியமியுங்கள். எந்த டிஸ்கில் எந்த வருடம், அதன் பிரதி எங்கே என்பதை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், அவர் வேலையை விட்டுப் போனாலும் நோட்டு கடையில் இருக்கும். அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்பு ஒரு நாள் ஒதுக்கி, பேக்கப் டிஸ்கிலிருந்து பழைய கல்யாணம் ஒன்றை எடுத்து, பேக்கப் கேட்லாக்கோடு இணைத்துத் திறந்து பாருங்கள். படமும் எடிட்டும் சேர்ந்து திறந்தால் மட்டுமே உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம்.